நீலம் என்றால் சுத்தம்

எனக்குச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், வந்து இருபத்திரண்டு வருஷம். அதைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. காலையில் இரண்டு துண்டு பாண், சீனி போடாத தேத்தண்ணி, பிறகு ஜன்னலடியில் இருந்து அஜின்கோர்ட் றோட்டில் போகிற கார்களைப் பார்ப்பேன்.

திலக்சனின் பாஸ்போட் ஏன் தகப்பனின் அலுமாரிக்குள் கிடக்கிறது என்று கேட்டீர்கள். இதை விசாரிக்கவே அரசாங்கம் உங்களை ஒட்டாவாவிலிருந்து அனுப்பியிருக்கிறது. மொழிபெயர்க்க நிரூபா என்று ஒரு பிள்ளையையும் கூட்டி வந்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொல்கிறேன். சலத்திலிருந்துதான், மூத்திரத்திலிருந்துதான், தொடங்க வேண்டும். முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசுப்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தேன். நோயாளர் வாட்டிலிருந்து சோதனை நடக்கிற லாப்புக்குச் சலப் போத்தல்களைக் கொண்டுபோவதுதான் வேலை. நான் சுமந்த அத்தனையையும் கொண்டுவந்து ஊற்றினால் ஒன்ராறியோ வாவி அரை அங்குலம் உயரும். இங்கே வந்தபிறகு, லாப்பில் இருந்தவன் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அங்கே போனவன்தானே. அது பொய்யாகாது.

தொண்ணூற்றைந்து கடைசியில் எங்கள் பிள்ளைகள் படிக்கிற ஹைஸ்கூலின் பின்பக்கத்தில் கஞ்சா பிடிபட்டது. பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். குலசிங்கம் எழும்பி, எல்லாப் பிள்ளைகளின் சலத்தையும் பள்ளிக்கூடமே சோதிக்க வேண்டும் என்றார். அவர் மிசிசாகாவில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றுகிறவர். நாய் மோந்து கண்டுபிடிப்பதை நேரில் பார்த்தவர். சட்டம் விடாது என்று சொல்லி, பிரின்சிபல் அம்மா எல்லோருக்கும் கோப்பி கொடுத்து அனுப்பினார். குடும்ப டொக்டரிடம் கொண்டுபோகவும் எங்கள் ஆட்களுக்குப் பயம். எழுத்தில் வந்தால் கொம்பியூட்டரில் ஏறும், கொம்பியூட்டரில் ஏறினால் சிற்றிசன்சிப் அலுவல் அப்படியே நின்றுவிடும் என்று ஒரு கதை உலாவியது. அதை உலாவ விட்டவர்களில் நானும் ஒருவன்.

கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து அவர்களுக்குச் சொன்னேன்: "நான் பாத்துத் தாறன். எழுத்து ஒண்டும் இல்லை."

சலத்தில் சீனி பார்க்க என்னிடம் ஒரு குளிசை இருந்தது. விழுங்குகிற குளிசை இல்லை. கண்ணாடிக் குழாயில் ஐந்து துளி சலமும் பத்துத் துளி தண்ணீரும் விட்டு அதைப் போட்டால், அடுப்பு இல்லாமலே கொதிக்கும். சீனி இல்லையென்றால் நீலமாக நிற்கும். இருந்தால் பச்சையாகி, பிறகு செம்மஞ்சளாகும். கஞ்சாவைப் பற்றி அந்தக் குளிசைக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. பெற்றோருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நீலம் என்றால் சுத்தம், நிறம் மாறினால் போதை.

சனிக்கிழமைகளில், என் குசினி மேசையில். இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள். நாற்பத்தொன்றும் நீலம். அதில் மூன்று பேர் அதற்கு முதல் நாள் பஸ் தரிப்பில் என் கண் முன்னாலேயே கஞ்சா புகைத்தவர்கள். பெற்றோரில் ஒருவரான ஸ்ரீஸ்கந்தராசா ஒரு சந்தேகப் பிராணி. என்னைச் சோதிக்கத் தன் நாயினுடையதைக் கொண்டுவந்தார். நாயும் சுத்தம். தாய்மார் என் கையைப் பிடித்து அழுதார்கள். றிச்மண்ட் ஹில் கோயிலில் என்னைக் கண்டால் எழும்பி இடம் விட்டார்கள். ஊரில் போத்தல் தூக்கியவனுக்கு யாரும் எழும்பியதில்லை.

குலசிங்கத்தின் மகன்தான் திலக்சன். பதினேழு வயது, இரசாயனத்தில் கெட்டிக்காரன். முதல் தடவை அவனுக்கும் நீலம்தான். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், உது எதை டிடெக்ற் பண்ணுது? லைக், என்ன கெமிக்கல்?" என்று கேட்டான். அதெல்லாம் உள்ளே இருக்கிறது என்றேன். சிரித்தான். மரியாதையாகத்தான் சிரித்தான்.

இரண்டாம் தடவை தாய் தகப்பனோடு வந்தான். இன்னும் நான்கு குடும்பங்கள் குசினியில் நின்றன. போத்தலைத் திறந்தேன். அப்பிள் மணந்தது. முப்பத்தொரு வருஷ மூக்கு, பிழைக்காது. நீலம் வந்ததும் அது அப்பிள் ஜூஸ் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லப்போகிறான், அதுதான் அவனுடைய திட்டம். குளிசை தேடுவதே சீனியைத்தான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

போத்தலை மூடிவிட்டு, தம்பி இது ஜூஸ் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் சிரித்திருப்பார்கள். அதை யோசித்தேன். ஆனால் அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது. ஐந்து துளி விட்டேன். குளிசையைப் போட்டேன்.

செம்மஞ்சள்.

"அப்பா, அது அப்பிள் ஜூஸ்," என்றான் திலக்சன். "பிறிஜ்ஜுக்குள்ள இருந்ததை ஊத்திக்கொண்டு வந்தனான். ஐ சுவெயர்." குடித்துப் பாருங்கள் என்று போத்தலை நீட்டினான். ஒருவரும் வாங்கவில்லை. அவனே அண்ணாந்து மிச்சம் முழுவதையும் குடித்தான்.

தாய் யோகராணி வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். குலசிங்கம் அடிக்கவில்லை. அதுவரை என் சோதனையில் அவருக்குக் கொஞ்சம் ஐமிச்சம் இருந்திருக்கும்; மகன் சலம் குடிக்கிறான் என்று நினைத்ததோடு அது தீர்ந்தது. "அண்ணை, உவன் என்ன செய்யிறான்?" என்று என்னிடம் கேட்டார்.

"தலைக்கு ஏறினா உப்பிடித்தான் செய்வினம்," என்றேன்.

அவன் வாயை மணந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் குலசிங்கம் தனியே வந்தார். ஒரு நல்ல டொக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி மகன் கெஞ்சுகிறானாம். போகலாம், ஆனால் எழுத்தில் வரும் என்றேன். பிறகு அவர் கேட்காமலே சொன்னேன்: கூட்டாளிகள் இல்லாத இடத்தில் ஆறு மாதம் இருந்தால் சரியாகிவிடும். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் அவன் தாயின் தங்கை இருக்கிறார்.

"பாஸ்போட்டை மட்டும் அவன்ரை கையில விட்டிட்டு வராதேங்கோ," என்றேன். "அடுத்த பிளேனிலயே வந்திடுவான்."

வந்தால் நேரே ஒரு லாப்புக்குத்தான் போவான் என்று எனக்குத் தெரியும். இப்போது உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

குலசிங்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார். பதினோராம் நாள் காலை, பாண் வாங்கப் போன திலக்சன் திரும்பி வரவில்லை. சிங்களம் தெரியாது, காட்ட ஓர் அடையாள அட்டை கிடையாது, ஆங்கிலத்தைக் கனடாக்காரன் மாதிரிப் பேசுகிற தமிழ்ப் பெடியன். அந்த நாட்களில் அப்படி ஒருவன் கொழும்பில் ஆமி மறிக்கிற எத்தனை சந்தி தாண்டுவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு மாதமாகிவிட்டது.

போன சனிக்கிழமை யோகராணி மகள் நிலாணியின் போத்தலைக் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பதினாலு வயது. நீலம். யோகராணி அந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

"அண்ணை, அண்டைக்கு நிறம் மாறினது மெய்தானே?"

"மெய்தான் தங்கச்சி."

அது பொய்யில்லை. அந்தச் செம்மஞ்சளை நான் திருப்பி வாங்கினால், மகனை அனுப்பியதற்கு அவருக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று ஒரு நல்ல வார்த்தை சொன்னேன்.

"நிலாணிக்கு அந்த அப்பிள் ஜூஸைக் குடுக்காதேங்கோ. உங்கடை வீட்டு ஜூஸ் சரியான சீனி."

கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தார். முதலில் மேசையிலிருந்த குழாயை, பிறகு என்னை. இன்று செவ்வாய்க்கிழமை, நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

நிரூபா, இதை விடாமல் மொழிபெயர்த்துவிடு. நிலாணியின் உடம்பை நினைத்து நல்ல மனதோடு ஒரு சொல் சொன்னேன். என்னுடைய பிழை அதுதான்.