பட்டனை விடாத கை

ஆம்பூரில் ஷூ கம்பெனி விட்டதும் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“எங்க வூட்டுக்காரரு துபாய்லேர்ந்து அனுப்பற வாய்ஸ் மெசேஜை டபுள் ஸ்பீடுலதான்க்கா கேப்பேன்,” என்றாள் இளையவள்.

பார்த்துக்கொண்டிருந்த செய்தி வீடியோவை நிறுத்தினேன்.

“இன்னாத்துக்குடி?”

“கம்பெனி கேட்லயே போனை வாங்கி வெச்சிக்கறாங்களே. சாப்பாட்டு நேரத்துலதான் கையில வருது. நேத்து அவரே கால் பண்ணாரு. மெதுவா பேசறாரேன்னு, உடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டேன்.”

“இப்ப போனே வாய்ஸை எழுத்தா மாத்தி காட்டுதாம். நியூஸ்ல வந்திச்சி. சட்டுனு படிச்சிடலாம்.”

“வேணாம்க்கா. பேசி முடிச்சப்புறமும் பட்டனை வுடாம கொஞ்ச நேரம் சும்மாவே இருப்பாரு. அதை இன்னான்னு எழுதும்?”