கை மூடினால் நிறுத்து

மடக்கு நாற்காலி போட்டுக் கச்சேரி நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நாற்காலிக்கு எண்ணெய் போடுங்கள். மெதுவாக வாசிக்கிற இடத்தில் யாராவது கால் மாற்றிப் போட்டால் போதும், கிரீச் என்று ஒரு சத்தம், அத்தோடு எல்லாம் போச்சு. எங்கள் புத்தகக் கடையில் அந்த வேலை என்னுடையது. சனிக்கிழமை மதியமே எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கும் போட்டேன் மேடம். யாரோ கைபேசியில் எடுத்த பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

உட்காருங்கள். அக்கா மாடியில் தூங்குகிறாள், அதனால் கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் கேட்க வந்தது ஒரே கேள்வி என்று தெரியும். பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் மொட்டையாகச் சொன்னால் விளங்காது, முதலிலிருந்து வருகிறேன்.

கடை அக்காவுடையது. அத்தான் கவிஞர். நான் அக்காவின் தம்பி. பெட்டி பிரிப்பது, புத்தகத்துக்கு உறை போடுவது, ஏணியில் ஏறி இறங்குவது என்று வாரமெல்லாம் எடுபிடி. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கலைஞன். சமையல் புத்தக அலமாரிக்குச் சக்கரம் வைத்திருக்கிறோம். அதை ஓரமாகத் தள்ளினால் நாலு பேர் நிற்க இடம் கிடைக்கும். அதுதான் மேடை. ஆள் உயரத்துக்கு இருக்கிற பேஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு நிற்பவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், சனிக்கிழமை தன் வாயைத் திறக்கவே மாட்டார். டிரம்ஸ் தட்டுவது ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஏறவும் இறங்கவும் அவனுக்கு நன்றாகத் தெரியும், நடுவில் நின்றுவிடுவதுதான் பிரச்சினை. நான் சாக்ஸபோன். அத்தான் கவிதை.

வாசலில் ஒட்டுகிற தாளில் 'இன்று மாலை வாசிப்பு' என்று மட்டும் இருக்கும். யார் வாசிக்கிறார்கள், என்ன வாசிக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். உடனே அத்தான் ஆரம்பித்துவிடுவார். "நானும் வாசிப்பேன், இவனும் வாசிப்பான். நான் வாசிக்கிறது புரியும், இவன் வாசிக்கிறது கேக்கும்." கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். வாரா வாரம் அதே ஜோக், வாரா வாரம் அதே சிரிப்பு. ஊதும்போது என் கன்னம் உப்புவதால் எனக்கு 'பலூன்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். இப்போது தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எனக்குக் கோபம் என்பதே வராது.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. கவிதையின் நடுவில் அத்தான் சட்டென்று நிறுத்துவார். பாதி வரியில், சில நேரம் பாதி வார்த்தையில். கையை விரித்துத் தூக்கினால் நான் வாசிக்க வேண்டும். கையை மூடினால் நான் நிறுத்த வேண்டும். அவர் மீதி வரியைச் சொல்வார். கேட்க அருமையாக இருக்கும், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ஊதுகிறவனுக்கு மூச்சு சூடேறவே கொஞ்ச நேரம் பிடிக்கும். நான் சூடேறி, இனி எங்கேயோ போகப் போகிறேன் என்று எனக்கே தெரிகிற நொடியில் அந்தக் கை மூடும். தவறாமல் மூடும். கூட்டத்துக்கு அதுவே ஒரு வேடிக்கையாகிவிட்டது. கை மூடியதும் என் கன்னம் காற்றுப் போய் வற்றுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். குழந்தைகள் தங்களுக்குள் அந்த விளையாட்டை விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று ஊதுவதுபோல் நடிக்கும், இன்னொன்று கையை மூடும்.

அத்தானுக்கு நெஞ்சில் கோளாறு இருப்பது போன மழைக்காலத்தில் தெரிந்தது. வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு ஸ்பிரே கொடுத்திருந்தார்கள், விரல் நீளத்துக்கு ஒரு புட்டி. கவிதை வாசிக்கும்போது அவருக்குக் கோட்டு ஆகாது. கழற்றி என் ஸ்டூலுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிடுவார். புட்டி அதன் இடது பையில் இருக்கும். அக்கா அதை என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். "நான் கல்லாவுல இருப்பேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. நீதான்டா அவர் பக்கத்துலயே இருக்க. ஒரு கண்ணு அவர் மேலயே இருக்கட்டும்." சரிக்கா என்றேன். அன்றைக்கும் என் இரண்டு கண்ணும் அவர் மேல்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

அந்த வாரம் புதன்கிழமை நானும் அவரும் சமையல் புத்தக அலமாரியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒரு சக்கரம் மாட்டிக்கொண்டது, நான் குனிந்து எடுத்துவிட்டேன். அப்போதுதான் சொன்னார். ரொம்ப சாதாரணமாக, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. "அடுத்த மாசத்துலேர்ந்து வெறும் கவிதை மட்டும் வச்சுக்கலாம் மாப்ள. சத்தத்துல வார்த்தை அடிபட்டுப் போகுது. உங்க அக்காவும் சரின்னுட்டா." பிறகு என் தோளில் தட்டி, நாற்காலி போட ஆள் நீதான், அது வேறு யாராலும் முடியாது என்றார். நல்ல மனிதர். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டேன். அக்காவிடம்கூட எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருஷமும் நான் ஒப்புக்குச் சப்பாணிதான் என்பது புரிந்துபோயிற்று, அவ்வளவுதான். ஒரே ஒரு யோசனை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு தடவையாவது கடைசிவரை வாசித்துப் பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இது ஒன்றும் பேராசை இல்லையே மேடம். எந்தக் கலைஞனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

சனிக்கிழமை நல்ல கூட்டம். அகராதி அடுக்கின் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வாசலில் வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கொக்கி கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. கோட்டு விழுந்தால் புட்டி உடைந்துவிடும். அதனால் அதை எடுத்து என் சாக்ஸபோன் பெட்டியில், ஊதுவாயில் செருகுகிற ரீடு பட்டைகளுக்குப் பக்கத்தில், துணி சுற்றி வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். பெட்டியை மூடிப் பூட்டி ஸ்டூலுக்கு அடியில் தள்ளினேன். நீங்கள் கேட்க வந்தது இதுதானே. ஆம்புலன்ஸ்காரர்கள் கோட்டைத் துழாவியபோது ஏன் கிடைக்கவில்லை என்று. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போகும்போது எடுத்துத் தருகிறேன்.

இதோடு நீங்கள் எழுந்துவிடலாம். ஆனால் மீதியையும் கேளுங்கள். அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

அன்று அவர் வாசித்தது மாடிப்படியைப் பற்றிய ஒரு நீளமான கவிதை. "ஏறும்போது எண்ணிய படிகள்" என்று ஒரு வரியை ஆரம்பித்து அங்கேயே நின்றார். கை தூக்கினார். விரல்கள் எல்லாம் விரிந்திருந்தன. கூட்டம் என் பக்கம் திரும்பியது, வழக்கம்போல. ஆனால் அது வழக்கமான கை இல்லை. கை என்னைப் பார்த்து நீளவில்லை, கோட்டைப் பார்த்து நீண்டது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவரும் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அது கிரீச்சிடவில்லை. இசையில் மயங்கி உட்கார்ந்துவிட்டார் என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. பல் டாக்டர் மட்டும் அவர் பக்கம் ஒரு தரம் பார்த்தார். நான் தலையசைத்து இன்னொரு சுற்று என்று காட்டினேன். பாவம், அவர் ஒழுங்கான மனிதர், தாளத்தை விட மாட்டார். தொடர்ந்தார். மெக்கானிக் அன்று நடுவில் நிற்கவே இல்லை.

அப்புறம் அத்தான் கையை மூடினார். நெஞ்சின் மேல் வைத்து இறுக்கி மூடினார். அந்தக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். பலூன் நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நிறுத்தவில்லை. மேடம், கூட்டம் எப்படிக் கைதட்டியது தெரியுமா. விசில் அடித்தார்கள். "விடாத பலூன், விடாத" என்று அகராதிப் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார். அக்கா கல்லாவிலிருந்தே சிரித்தாள். அத்தான் இன்னும் இறுக்கி மூடினார், அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். எங்கள் ஏற்பாடு தெரியாத வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் அந்த நொடியே எழுந்து ஓடி வந்திருக்கும். இவர்கள் நல்ல ரசிகர்கள், அதுதான் விஷயம்.

நான் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே எவ்வளவு அழகாக இருந்தது என்று வார்த்தையில் சொல்ல எனக்கு வராது, அது அத்தானின் வேலை. நான் முடித்தபோது அவர் தலை சாய்ந்திருந்தது. கூட்டம் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. அக்காதான் முதலில் தட்டுவதை நிறுத்தினாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பதிவை எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். பக்கத்தில் நடப்பது தெரியாமல் ஒரு குழந்தையைப்போல வாசிக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஒன்றுதான் பொறுக்கவில்லை. தெரியாமல் வாசித்தால் அப்படி வராது மேடம். ஒவ்வொரு மூச்சும் தெரிந்து ஊதியது. வேண்டுமானால் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா என்னைத்தான் தேற்றினாள். உனக்கு எப்படிடா தெரியும், எங்க எல்லாருக்கும் தெரியலையே என்று என் தலையைத் தடவினாள். அவள் சாப்பிடவில்லை, பேசவில்லை, கடையைத் திறக்கவில்லை. ஒரு நாள் காலையில் கல்லாவைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "கடைசியா எதாவது சொன்னாராடா? உதடு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு." நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. 'வாசி'ன்னு சொன்னார்க்கா என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். அப்போ நீ நிறுத்தாதடா என்றாள். அன்றே கடையைத் திறந்தாள். வெறும் கவிதை என்ற பேச்சே இப்போது இல்லை. சனிக்கிழமைகளில் நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஒரு பொய் அவளை எழுப்பி உட்காரவைத்தது என்றால், அதைப் பொய் என்று சொல்வது சரியா என்றுகூட நான் யோசித்திருக்கிறேன்.

அவளிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். புட்டியைப் பற்றிச் சொல்லுங்கள், கையைப் பற்றிச் சொல்லுங்கள். அத்தான் உண்மையில் என்ன சொன்னார் என்பதை மட்டும் சொல்லாதீர்கள், அவள் தாங்க மாட்டாள். அவர் மருந்து கேட்டார் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். கேட்கவில்லை. நான் எழுந்திருக்க மாட்டேன் என்று அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "உங்க அக்காவையாவது கூப்பிடு மாப்ள" என்றார். அவள் கூப்பிடு தூரத்தில் கல்லாவில்தான் இருந்தாள். எனக்கும் கூப்பிடக்கூடாது என்றெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் கூப்பிட வேண்டுமானால் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுக்க வேண்டுமே மேடம்.