சுகாதாரக் கேடு என்ற கட்டம்

"ஹலோ... ஹலோ, லாரியோட வந்திருக்கிற அதிகாரிதானே?... ஆமா, ஆமா, கார்ப்பரேஷன் ஆபீஸ்லதான் உங்க நம்பர் குடுத்தாங்க. சார், ஒரு நிமிஷம், அந்தத் தையல் மெஷினை ஏத்த வேணாம்னு சொல்லுங்க... மேல இருந்து பார்க்கிறேன் சார், எதிர்க் கட்டடம், ரெண்டாவது மாடி... இல்ல, நான் யாருமில்ல. சும்மா, இந்தத் தெருவுல குடியிருக்கிறவன்."

'யாருமில்ல' என்று சொன்னவர் ஓய்வுபெற்ற கிளார்க். முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் மனு எழுதியவர். வாயால் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எழுத்தில்தான்.

"அதில்ல சார், கூடாரத்தைப் பிரிக்க வேணாம்னு சொல்ல நான் யாரு... சாமானையெல்லாம் கிடங்குல வச்சு, திருப்பி வாங்கிக்கச் சீட்டு குடுப்பீங்களே, அது மாதிரி... ஓ... ஓ. நடைபாதையை மறிச்சா கிடங்கு. சுகாதாரக் கேடுன்னா எல்லாம் நேரா குப்பையோட அரைவைக்கு... மெஷினுமா? இரும்பு சார் அது. இரும்புக்கு என்ன நோய் வரப்போகுது?"

கீழே ஏழு கூடாரங்கள். போன வருஷம் பாலத்தடியில் இருந்தவர்கள். அங்கே வேலி போட்டதும் பூங்காவுக்கு வந்தார்கள். பூங்காவைப் பூட்டியதும் இந்த நடைபாதைக்கு. கடைசிக் கூடாரத்துத் தையற்காரம்மா மெஷின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். குடியிருந்த வீட்டை இடித்த அன்று அவள் தூக்கிக்கொண்டு வந்த ஒரே பொருள் அது. சோறு போடுவதும் அதுதான். கிளார்க் இப்போது போட்டிருக்கும் பேண்ட்டின் கீழ்மடிப்பைப் போன மாசம் தைத்ததும் அதில்தான்.

"யார் சார் அசுத்தம்னது? தினம் காலையில தெருவைக் கூட்டுறாங்க. எங்க மாடிப்படிய விட அது சுத்தம்... எலியா? எலியெல்லாம் இல்ல சார்... புகார்ல இருக்கா... படிக்க வேணாம் சார்... சரி. படிங்க."

அவருடைய சொந்த வாக்கியங்களே, ஒரு காற்புள்ளி குறையாமல், காதுக்குள் திரும்பி வந்தன. எழுதியபோது பெருமையாகத்தான் இருந்தது. கூடாரம் போகிற வரைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்று இரண்டு தடவை எழுதியும் பதில் இல்லை. எந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் லாரி வரும் என்று ஒரு கிளார்க்குக்குத் தெரியாதா? மூன்றாவது மனுவில் அடித்தார். ஒன்பதாம் நாள் லாரி வந்து நிற்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கெடுத்தது பேனாவால், அதுவும் இன்னொருத்தியை.

"ம்... ம்... புகார் குடுத்தவரே வந்து எழுதிக் குடுத்தாத்தான் மாத்த முடியும். புரியுது சார்... அவரைத் தெரியுமாவா?... தெரியும்... நீ உள்ள போ, நான் பேசிக்கிறேன்... ஐயோ, உங்கள இல்ல சார், வீட்டுல. சார்... அது நான்தான்... ஆமா. நானேதான்... புகார் நம்பரா? மனப்பாடமா இருக்கு. நாலு ஆறு பூஜ்யம் ரெண்டு... ஆமா. எலியும் கிடையாது, நோயும் கிடையாது. லாரி வரணும்னே எழுதினேன்... திட்டுங்க சார். நல்லா திட்டுங்க. ஆனா அந்த லாரி ஆளை மெஷின்லேர்ந்து கையை எடுக்கச் சொல்லுங்க."

கீழே யாரோ சைகை காட்டினார்கள். மெஷினைப் பிடித்திருந்த ஆள் விட்டுவிட்டு விலகி நின்றான்.

"ரொம்ப நன்றி சார்... போடறேன், கையெழுத்துப் போடறேன்... அங்கயேவா? அவங்க முன்னாடியேவா?... சாயந்திரம் ஆபீஸுக்கு வந்து... இல்ல, இல்ல, வரேன். இப்பவே வரேன்... எந்த ஜன்னல்னா, நடுவுல இருக்கிறது. காதுல போன் வச்சுக்கிட்டு நிக்கிறேன் பாருங்க... கையைத் தூக்கணுமா?"

தூக்கினார். அதிகாரி அண்ணாந்து தேடுவதற்குள் தையற்காரம்மா பார்த்துவிட்டாள். மாடிவீட்டுப் பெரியவர் தனக்காகத்தான் போனில் மன்றாடுகிறார் என்று நினைத்திருப்பாள். மெஷினிலிருந்து ஒரு கையை எடுத்து, சிரித்தபடி, அவளும் உயர்த்தினாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவருக்குக் கூசியது.

"பார்த்துட்டீங்களா?... ஆமா, அது நான்தான். சார், ஒண்ணே ஒண்ணு, அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன். படி இறங்குற நேரம் மட்டும் குடுங்க... சார்?"

அதிகாரி போனைச் சட்டைப்பையில் போட்டார். ஜன்னலை நோக்கி விரலை நீட்டி அவளிடம் ஏதோ சொன்னார். நீளமாக ஒன்றும் இல்லை, இரண்டு வார்த்தை இருக்கும்.

"ஹலோ... சார், சொல்லிட்டீங்களா?... அவங்க கையை இறக்கிட்டாங்க சார்... ஹலோ... நான் கீழ வரேன்னு சொல்லுங்க. வரேன்னு மட்டும் சொல்லுங்க."

லைன் எப்போதோ அறுந்துபோயிருந்தது. அவருடைய கை மட்டும் இன்னும் தூக்கியபடியே இருந்தது.