ஏழு புத்தகங்கள்

புள்ளியியல் கற்க அதிகம் வேண்டாம் ஐயா, ஏழு புத்தகம் போதும். புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்குப் பட்டியலை நான்தான் கைப்பட எழுதிக் கொடுப்பேன். எதை முதலில் படிப்பது, எந்த அத்தியாயத்தில் நிதானிப்பது என்பதுவரை குறித்திருக்கும்.

எங்கள் மருத்துவமனையில் புது இதய மாத்திரை ஒன்றைச் சோதித்தோம். நூறு பேருக்குப் புதியது, நூறு பேருக்குப் பழையது. கணக்கு என் பொறுப்பு. புதியதைச் சாப்பிட்டவர்களில் பதினோரு பேர் பாதியில் வராமல் போனார்கள். செவிலியர் வீடு வீடாகப் போன் போட்டு விசாரித்து, அதில் ஒன்பது பேர் இறந்துவிட்டதாக எழுதித் தந்தார். பதினோரு பேரையும் ‘தொடர்ந்து வரவில்லை’ என்று போட்டு விலக்கிவிட்டேன். அதில் பொய் ஏது? இறந்தவர்கள் வரவில்லைதானே. மீதிப் பேரை வைத்துப் பார்த்தால் மாத்திரை பிரமாதமாக வேலை செய்தது. பன்னிரண்டு வருஷத்தில் என் கையில் தேறிய முதல் ஆய்வு. மனசு குளிர்ந்துபோனது, மறைப்பானேன்.

என் கணக்கைச் சரிபார்க்க ஒரு பெண் டாக்டர் புதிதாக வந்தாள். துருவித் துருவிக் கேட்கிற ரகம். கணக்கு என்றாலே உதறுகிறது, எதைப் படிக்கலாம் என்று கேட்டாள். பட்டியல் கொடுத்தேன். ஆறு வாரம் விழுந்து விழுந்து படித்தாள். சாப்பாட்டு நேரத்தில்கூடச் சந்தேகம் கேட்பாள். முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தேன். பிறகு வரிவரியாகப் பார்த்து, பிழையே இல்லை என்று கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி.

“சார், அப்பாவுக்கு நம்ம மாத்திரையே ஆரம்பிச்சிடட்டுமா?”

“நீயே சரிபார்த்ததுதானேம்மா. என்னை எதுக்குக் கேக்குறே?”

சிரித்துக்கொண்டே போனாள். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மாத்திரை ஆரம்பித்த பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் எங்கேயோ தப்பாப் படிச்சிட்டேன் சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை, நீ நன்றாகத்தான் படித்தாய் என்று தேற்றிவிட்டு வந்தேன்.

எட்டாவதாக ஒரு புத்தகம் உண்டு ஐயா. பாதியில் காணாமல் போகிறவர்களை விலக்கினால் கணக்கு எப்படிப் பொய்யாகிறது என்று சொல்லும் புத்தகம். அவளுக்கு முன் வந்த அத்தனை பேருக்கும் எழுதிக் கொடுத்ததுதான். அவள் பட்டியலில் மட்டும் விட்டேன். ஆனால் ஒளித்து வைக்கவில்லை. என் மேசைமேல்தான் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன்.