எல்லாமே பச்சை

நெகேசா: மறுபடியும் பச்சை.

மும்புவா: நல்லதுதானே? பச்சைன்னா டெஸ்ட் எல்லாம் பாஸ். அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?

நெகேசா: மருந்து அளவுக் கணக்குல, வகுக்குற இடத்துல பெருக்கி வச்சேன். வேணும்னேதான்.

மும்புவா: ஏண்டி... நல்லா ஓடுற புரோகிராமைப் போய்...

நெகேசா: டெஸ்ட் கத்துதான்னு பாக்க. கத்தலை.

மும்புவா: சின்னத் தப்பு. கண்ணுல படலை போல.

நெகேசா: சரின்னு கணக்கையே அழிச்சிட்டு, எல்லாருக்கும் பூஜ்யம்னு வச்சேன்.

மும்புவா: அப்புறம்?

நெகேசா: அதுக்கும் பச்சை.

மும்புவா: டெஸ்டை அவ்வளவு உறுதியா எழுதியிருக்கேன்.

நெகேசா: சிரிக்காதே, தலைவி.

மும்புவா: நான் எங்க சிரிச்சேன்? டீக்குப் பொரிச்ச மந்தாசி தின்னுட்டிருக்கேன்.

நெகேசா: இதுல ஒரு டெஸ்டாவது விடை சரியான்னு பாக்குதா?

மும்புவா: புரோகிராம் பாதியில நிக்காம ஓடுதான்னு மட்டும் பாக்குது. மேனேஜர் கேட்டது, புரோகிராம்ல தொண்ணூறு சதவீத வரிகளை டெஸ்ட் தொட்டிருக்கணும்னு. தொட்டாச்சு. விடையை யாரு கேட்டா?

நெகேசா: இப்ப நான் கேக்குறேன். கலைச்சதெல்லாம் திருப்பி வச்சுட்டேன். புது டெஸ்ட் ஒண்ணு எழுதியிருக்கேன். அஞ்சு கிலோ குழந்தை, காய்ச்சல் மருந்து, டாக்டர் கொடுத்த அளவு வருதா. ஓட்டு.

மும்புவா: நீயே ஓட்டு. கையெல்லாம் எண்ணெய்.

நெகேசா: துடைச்சிட்டு ஓட்டு.

மும்புவா: ...சிவப்பு.

நெகேசா: எவ்வளவு வருது?

மும்புவா: ரெண்டு மடங்கு. நீதான் எதையோ திருப்பி வைக்க மறந்துட்ட.

நெகேசா: பழசோட ஒப்பிட்டுப் பாரு.

மும்புவா: நான் எழுதினதேதான்... ஒரு எழுத்து மாறலை. பத்து கிலோவுக்குக் கீழ யாரு வந்தாலும் பத்துன்னே எடுத்துக்குது.

நெகேசா: திங்கட்கிழமைதானே கிளினிக்குகளுக்குப் போகுது? திருத்திடலாம்.

மும்புவா: ம்.

நெகேசா: என்ன ம்?

மும்புவா: திருத்திடலாம்.

நெகேசா: டீ ஆறுது பாரு.

மும்புவா: நெகேசா... கிடாலே ஊர் கிளினிக்குக்கு மட்டும் நேத்தே அனுப்பிட்டேன். சீக்கிரம் வேணும்னு கெஞ்சினாங்க. யார்கிட்டயும் சொல்லலை. எல்லாமே பச்சையா இருந்துச்சா, அதான்...

நெகேசா: தெரியும். காலைல அங்கேருந்துதான் என் அக்கா போன் பண்ணினா, மகளுக்கு இவ்வளவு மருந்தான்னு. கொடுக்காதேன்னுட்டேன். திரைல வர்ற அளவை நம்பாதீங்கன்னு கிளினிக்குக்கும் சொல்லியாச்சு. நீயா வாயைத் திறக்குறியான்னுதான் இவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன்.