பிரிச்சு விட்ட தையல்

— மூச்சைப் பிடிக்காதேடி. சாதாரணமா நில்லு.

— சாதாரணமாத்தான் நிக்கிறேன் அக்கா.

— ஆமா பின்ன, மூஞ்சியே சிவந்து கிடக்கு. கையைத் தூக்கு. முடியை முன்னால போடு, ஜிப்புல மாட்டினா அப்புறம் என்னைத்தான் திட்டுவே.

— ஏறலைன்னா சொல்லிடு. மறைக்காதே.

— ஏறிடுச்சு.

— கழுத்து வரைக்குமா?

— கொக்கியும் மாட்டியாச்சு.

— அப்பாடா.

— காலைப் பின்னால தூக்கு. இன்னும். இப்ப ஒரு சுத்து சுத்து. எங்கயாவது பிடிக்குதா?

— எங்கயும் பிடிக்கல. நாளைக்கழிச்சு ஐஸ் ஸ்கேட்டிங் போட்டிக்கு இதுவே போதும்.

— ஒன்பது வாரமா இதே கூத்து. ஞாயித்துக்கிழமை ஆனா வந்து நின்னுடறே, அந்த நீல டிரெஸ்ஸை எடுன்னு. ஊர்ல எல்லாரும் மெஷின்ல ஏறி எடை பாக்கறாங்க, நீ என் தையல்ல ஏறிப் பாக்கறே.

— மெஷின் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே. இது போன சீசன் டிரெஸ், போன சீசன் அளவு. இது ஏறுற வரைக்கும் நான் ஒழுங்கா சாப்பிடறேன். என்னைக்கு ஏறலையோ அன்னைக்கு நிறுத்திடறேன். அதுதானே பேச்சு?

— அது நீயா பேசின பேச்சு. நான் எங்க ஒத்துக்கிட்டேன்? சாப்பிடாம கிடந்து கிடந்து பாதத்து எலும்பு ரெண்டு தடவை விரிசல் விட்டுச்சு. இன்னொரு தடவை விட்டா ஐஸ் பக்கம் எட்டிக்கூடப் பாக்க முடியாது. அதுவும் டாக்டர் சொன்னதுதான்.

— சரி விடு. அலமாரியில என்ன தொங்குது, மஞ்சளா அது? இன்னும் வச்சிருக்கியா?

— எல்லாத்தையும்தான் வச்சிருக்கேன். உன் ஏழு வயசு அது. ஜன்னல் திரையை வெட்டித் தைச்சேன். ஜிகினாவைப் பசையில ஒட்டி அனுப்பினா, நீ விழுந்த இடமெல்லாம் கொட்டிட்டு வந்தே. கூட்டித் தள்ளிட்டுத்தான் அடுத்த பொண்ணை ஐஸ்ல விட்டாங்க.

— அதுக்கப்புறம்தானே ஒவ்வொரு கல்லையும் நகத்தால நிமிண்டிப் பாக்க ஆரம்பிச்சே.

— ஒரு கல்லு ஐஸ்ல உதிர்ந்தாலும் மார்க்கைக் குறைக்கிறாங்களே. அப்புறம் அந்தச் சிவப்பு வெல்வெட்டு.

— ஐயோ அது. வேர்வையில நனைஞ்சா ஈரக் கம்பளியைப் போத்திக்கிட்டுக் குதிக்கிற மாதிரி இருக்கும்.

— அதுல ஒரு புத்தி வந்துச்சு எனக்கு. பாக்க நல்லா இருந்தா மட்டும் பத்தாது, பறக்கவும் விடணும்னு. அடுத்து பச்சை. கடையில தோல் நிறத்துல வலைத்துணி குடுங்கன்னா சுண்ணாம்பு மாதிரி ஒண்ணை நீட்டினான். இது யாரு தோலுப்பான்னு கேட்டேன்.

— வீட்டுக்கு வந்து டிகாஷன்ல முக்கி வச்சியே. மாமா அதை டீன்னு நினைச்சு எடுத்துக் குடிச்சாரு.

— குடிச்சுட்டு, இன்னைக்குத்தான் டீ பதமா இருக்குன்னு சொன்னாரு உங்க மாமா. பதினெட்டு வருசக் குடித்தனத்துல அந்த ஒரு தடவைதான் பாராட்டினாரு.

— சிரிக்க வைக்காதே, கொக்கி தெறிச்சிடும்.

— தெறிக்காது. நீ வளர்ற பொண்ணுன்னு எல்லாத்துலயும் ரெண்டு விரல் துணி உள்ள விட்டே தைப்பேன். வருசா வருசம் பிரிச்சு விடுவேன். உன் பதினாறு வயசுல அந்தப் பழைய கோச் வந்து நின்னாரு. இனிமே உள்ள துணி விடாதீங்கம்மா, அவ வளந்தா குதிக்க மாட்டான்னாரு. நானும் ஒட்ட வெட்டினேன்.

— நீ என்னக்கா செய்வே. அவர் சொன்னாரு.

— அவர் சொன்னாரு. கத்திரி என் கையிலதானே இருந்துச்சு.

— அவர்கிட்டேருந்து வந்தாச்சுல்ல. ஆமா, இடுப்போரம் என்ன இது? இந்த வலைத்துணிப் பட்டை போன சீசன்ல இல்லையே.

— அது சும்மா, டிசைன். இப்ப எல்லாரும் வைக்கிறாங்க.

— எல்லாருமா?

— உக்காரு. ஒண்ணு சொல்லணும், கத்தாதே. அந்தக் கோச் வேண்டாம்னு சொல்லியும் இந்த நீலத்துல மட்டும் திருட்டுத்தனமா ரெண்டு விரல் துணி விட்டிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நூல் நூலாப் பிரிச்சு விட்டேன். அது தீந்து போச்சு, நேத்துதான் அந்தப் பட்டையை வச்சேன். இது போன சீசன் அளவு இல்லடி. நல்லா தேறின உடம்போட அளவு.

— இதை ஏன் இன்னைக்குச் சொல்றே?

— இனிமே பிரிக்க எதுவும் இல்ல. அடுத்த வாரம் ஜிப் ஏறலைன்னா நீ தட்டைத் தள்ளி வச்சிடுவியேன்னு எனக்குத் தூக்கமே வரல. உன்னை ஏமாத்திட்டேன். திட்டிக்கோ, அடிச்சுக்கோ, சாப்பாட்டை மட்டும் நிறுத்திடாதே. என்னடி, நான் அழறேன், நீ சிரிக்கிறே?

— இந்தத் துணியில ஊசி போன ஓட்டை மூடாதுக்கா. பழைய தையல் போன இடம் வரிவரியாத் தெரியும். மூணாவது வாரமே பாத்துட்டேன்.

— மூணாவது வாரமேவா? அப்புறம் எதுக்குடி ஒன்பது வாரமும் வந்து, இப்பக்கூட மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னே?

— உள்ள விட்ட துணி தீந்திருக்குமோன்னு பயம். முதல் ரெண்டு வாரம்தான் என் அளவைப் பாக்க வந்தேன். அப்புறம் வந்ததெல்லாம், நீ எவ்வளவு பிரிச்சு விட்டிருக்கேன்னு பாக்கத்தான். நீ விட்ட அளவுக்கெல்லாம் சாப்பிட்டேன் அக்கா.