துண்டு கட்டிய மின்விசிறி

என் வயது நாற்பத்தொன்பது. அருங்காட்சியகத்துக்குப் பின்னால் உள்ள ஊழியர் குடியிருப்பில் மனைவியோடு வசிக்கிறேன். துணிக் கூடத்தின் காவலாளி. ஆளைப் பார்த்தால் தெரியாது, எனக்கு இருட்டு என்றால் பயம். இதுவரை இது என் மனைவிக்கு மட்டுமே தெரியும். இப்போது என் வாக்குமூலத்தை எழுதுகிற ஏட்டய்யா வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சிவப்புப் பட்டுச் சால்வை இருக்கிறது. வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும் என்று, ஆள் அசைந்தால் மட்டும் விளக்கு எரிகிற கருவியைப் பொருத்த முடிவு செய்தார்கள். பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "அண்ணே, நாள் பூரா இங்க இருக்கப்போறது நீங்கதான். இது ஒத்துவருமா, வேற பாக்கட்டுமா?" என்று கேட்டார். அத்தனை பேரில் என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, "எனக்கு வீடா கட்டித் தரப்போற, சம்மதம் கேக்குற? போடுப்பா" என்று கேலி பேசி அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு, பார்வையாளர் இல்லாதபோது நான் சும்மா உட்கார்ந்தால் விளக்கு அணைந்து, ஜன்னல் இல்லாத கூடம் இருண்டது. கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோய், மேசை விசிறியில் என் துண்டைக் கட்டித் திரும்பித் திரும்பி வீசும்படி வைத்தேன். கருவி துண்டை ஆள் என்று நினைத்துக்கொண்டது. ஒரு வருடம் பகலெல்லாம் விளக்கு எரிந்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்குச் சாயம் இறங்கியது தெரியவில்லை.

அதன் பிறகு, மேல்படிப்புக்குப் போயிருந்த காப்பாட்சியர் அம்மா திரும்பி வந்து, வெளுத்துக் கிடந்த சால்வையைப் பார்த்து, அசலை எடுத்துவிட்டுப் போலியை வைத்துவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார். பல்பு மாற்றுவதற்காகப் பெட்டிச் சாவி தம்பியிடம் இருந்ததால் அவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்து, "அவரு எடுத்திருப்பாராண்ணே? நீங்களே சொல்லுங்க" என்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

அதன் பிறகு நிலையத்துக்குப் போய், இருட்டுப் பயத்தையும் துண்டு கட்டிய விசிறியையும் சொல்லி, சால்வை அசல்தான், மடிப்பைப் பிரித்துப் பாருங்கள் என்றேன். ஆய்வாளர், காப்பாட்சியர் அம்மா, தம்பி முன்னிலையில் பெட்டி திறக்கப்பட்டது. மடிப்புக்குள் சிவப்பு அப்படியே இருந்தது. அம்மா அந்த மடிப்பைத் திரும்ப மூடாமல் நின்றார். தம்பி என்னிடம், "அன்னிக்கே சொல்லியிருந்தா உங்க நாற்காலிகிட்ட சின்ன லைட்டு ஒண்ணு போட்டிருப்பேனேண்ணே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இவ்வளவும் கூடத்தில் வைத்து நான் சொல்லச் சொல்ல எழுதியது. வாசிக்கக் கேட்டேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கையெழுத்துக்கு முன் சேர்த்தது: கருவியைச் சோதிக்க ஆய்வாளர் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னார். விளக்கு அணைந்தது. அவர் ஓரடி பின்வாங்கி, பார்வையாளர் தொட்டுப் பார்க்க வைத்திருந்த சாயப் பானைக்குள் காலை விட்டார். விளக்கு எரிந்தது. கருவியில் பழுது இல்லை.